கூடம் கோணலா, கால் கோணலா?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பாட்டிமார் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன இந்தப் பழமொழிக்கு இன்று மிகப் பொருத்தமான ஓர் இடம் கடல் கடந்து அமெரிக்க நாட்டில் இருக்கிறது. அங்கே வார இறுதி நாட்களில், பெரிய கார் நிறுத்துமிடங்களிலும் கைவிடப்பட்ட விமான ஓடுதளங்களிலும் 'ஆட்டோகிராஸ்' என்னும் விளையாட்டு நடைபெறுகிறது. ஓடி முடித்துத் தலைக்கவசத்தைக் கழற்றியதும் ஓட்டியவர் வாயிலிருந்து வரும் முதற்சொல் பல வேளைகளில் "டயர் பிடிக்கவில்லை" என்பதுதான். அடுத்த சொல், "புது டயர் வாங்க வேண்டும்." இந்தப் பழி நியாயமானதா, நியாயமென்றால் எவ்வளவு தூரம் நியாயம் என்பதைப் பற்றி எங்கள் கருத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

"பெண்கள் பள்ளி மலரில் டயருக்கு என்ன வேலை?" என்று புருவத்தை உயர்த்தும் தோழியரும் இருக்கலாம். அத்தோழியரில் பலர் நாள்தோறும் பள்ளிக்கு வந்து சேர்வது டயர்களின் மேல்தான் என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவூட்டிவிட்டு மேலே செல்கிறோம்.

ஆட்டோகிராஸ் என்றதும் பத்துக் கார்கள் ஒன்றையொன்று முட்டி மோதிக்கொண்டு பறக்கும் காட்சியைக் கற்பனை செய்ய வேண்டாம். இதில் ஒரு நேரத்தில் ஒரு காரே ஓடும். பரந்த தரையில் ரப்பர் கூம்புகளை நட்டு ஒரு வளைந்த பாதை அமைப்பார்கள். ஓட்டுவோர் முதலில் அந்தப் பாதையைக் காலால் நடந்து மனப்பாடம் செய்துகொள்வர். பிறகு ஒவ்வொருவராக ஓட்டுவர். ஒரு சுற்று முடிய ஒரு நிமிடம் ஆனாலே அதிகம். வேகமும் நெடுஞ்சாலை வேகத்தைத் தாண்டுவதில்லை. ஒரு கூம்பைத் தட்டினால் 2 விநாடி அபராதம். வழியைத் தவறவிட்டால் அந்தச் சுற்றே கணக்கில் வராது. தம் முறை முடிந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. வெயிலில் நின்று, மற்றவர்கள் தட்டிவிட்ட கூம்புகளை ஓடிச்சென்று நிமிர்த்தி வைக்க வேண்டும். எங்களுக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த விதி இதுதான் என்பதை இடையில் சொல்லி வைக்கிறோம்.

1944-இல் தோன்றிய அமெரிக்க விளையாட்டுக் கார் சங்கம் 1973 முதல் இதற்குத் தேசியப் போட்டி நடத்துகிறது. 2009 முதல் அப்போட்டி நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில், பழைய விமானதளத்தின் கான்கிரீட் தரையில் நடந்துவந்திருக்கிறது. நம் சோழவரத்திலும் போர்க்காலத்து விமான ஓடுதளத்தில்தான் பல ஆண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தளம் வந்த பிறகே பந்தயம் அங்கே இடம் மாறியது. ஆனால் சோழவரத்துக்கு வந்தவை பெரும்பாலும் பந்தயத்துக்கென்றே செய்த வண்டிகள். ஆட்டோகிராஸின் சிறப்பு, சனிக்கிழமை காய்கறி வாங்கப் போன அதே கார் ஞாயிற்றுக்கிழமை கூம்புகளிடையே ஓடுவதும், திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போவதுமாகும். ஒரே காரைக் கணவனும் மனைவியும், தந்தையும் மகளும் மாறி மாறி ஓட்டலாம். பெண்களுக்கென்று தனி வகுப்புகளும் நீண்ட காலம் இருந்துவந்துள்ளன. வேண்டுமானால் ஆண்களோடு பொது வகுப்பிலும் கலந்துகொள்ளலாம்.

இனி டயருக்கு வருவோம்.

வளைவில் ஒரு கார் இரண்டு விதமாகச் சொற்பேச்சுக் கேளாமல் போகும். தேர்த் திருவிழாவில் நான்கு வீதி முனையில் தேரைத் திருப்புவதைப் பார்த்திருப்பீர்கள். வடம் பிடிப்போர் வடக்கே இழுத்தாலும் தேர் தன் போக்கில் கிழக்கே போகப் பார்க்கும். முட்டுக்கட்டை போடுவோர் படாத பாடு படுவர். ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினாலும் காரின் முன்பக்கம் அப்படி வெளியே அகன்று போவதற்கு 'அண்டர்ஸ்டியர்' என்று பெயர். எஞ்சினும் இழுக்கும் சக்கரமும் முன்னாலேயே உள்ள சிறு கார்களில் மொத்த எடையில் ஏறக்குறைய 60 பங்கு முன்சக்கரங்களின் மேல் கிடப்பதால் இந்தத் தொல்லை அவற்றுக்கு அதிகம். மற்றொன்று இதற்கு நேர்மாறானது. பின்பக்கம் முன்பக்கத்தை முந்திக்கொள்ள நினைத்து, கார் தட்டாமாலை சுற்றும். அது 'ஓவர்ஸ்டியர்'. முன்னதில் கூம்பு சாகும். பின்னதில் ஓட்டுபவரின் மானமும் சேர்ந்து போகும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஏதோ ஒரு முனையில் டயரால் தரையைப் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. அப்படியானால் டயரைக் குறை சொல்வது சரிதானே என்பீர்கள். சற்றுப் பொறுங்கள்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1000 கிலோ எடையுள்ள கார் ஏறத்தாழ 2200 பவுண்டு. நான்கு சக்கரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒன்றுக்கு 550 பவுண்டு. டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு காற்று இருந்தால், தரையைத் தொடும் பரப்பு 550-ஐ 30-ஆல் வகுக்க வருவது, அதாவது சுமார் 18 சதுர அங்குலம். டயரின் பக்கச்சுவரும் கொஞ்சம் சுமை தாங்குவதால் கணக்கு அச்சு அசலாகப் பொருந்தாது. என்றாலும் நம் உள்ளங்கையை விரித்துத் தரையில் வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவுதான். ஆக, ஒரு குடும்பமே உட்கார்ந்து செல்லும் காரை உலகத்தோடு பிணைத்து வைத்திருப்பவை நான்கு உள்ளங்கைகள்.

நம் பௌதிகப் புத்தகத்தில் உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததன்று, அழுத்தும் விசைக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்று படித்திருக்கிறோம். 1699-இல் அமோந்தோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் சொன்ன விதி அது. மரக்கட்டைக்கும் இரும்புக்கும் அது ஓரளவு சரி. ரப்பர் அதற்கு அடங்காத பிள்ளை! ஒரு டயரின் மேல் சுமையை இரட்டித்தால் அதன் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை. அதற்குச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது. இந்தச் 'சற்று' என்பதில்தான் எல்லா வினையும் இருக்கிறது. கார் இடப்புறம் திரும்பும்போது எடை வலப்புறச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. வலப்புற டயர் பெறும் கூடுதல் பிடிப்பு, இடப்புற டயர் இழந்ததை ஈடுகட்டுவதில்லை. பிரேக்கை அழுத்தினால் எடை முன்னால் வருகிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பின்னால் போகிறது. ஆகவே எந்த உள்ளங்கைக்கு எப்போது எவ்வளவு சுமை என்பதை நொடிக்கு நொடி பங்கிட்டுக் கொடுப்பது ஓட்டுபவரின் காலும் கையும்தான். திரும்பிக்கொண்டிருக்கும் டயரிடமே பிரேக்கும் பிடிக்கச் சொன்னால், ஒரு கையில் குடமும் மறு கையில் குழந்தையும் இருப்பவளிடம் கதவையும் திற என்று கேட்பது போலாகும். ஏதாவது ஒன்று நழுவும்.

இன்னொரு கணக்கு. 25 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறோம் என்று கொள்வோம். அது விநாடிக்கு 15 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 9 வருகிறது. புவியீர்ப்பு முடுக்கமாகிய 9.8-க்கு இது மிக அருகில். நல்ல சாலை டயர் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கும். அதே வளைவில் 60 கிலோமீட்டரில் நுழைந்தால்? விடை 11-ஐத் தாண்டுகிறது. வேகம் கூடியது 6 கிலோமீட்டர்; டயரிடம் கேட்கும் பிடிப்போ ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கூடிவிட்டது. அந்த 6 கிலோமீட்டரைக் கூட்டியது டயர் அன்று. வளைவுக்குள் வந்த பிறகு பிரேக்கைத் தேடிய காலும், அருகிலிருந்த கூம்பையே பார்த்துக்கொண்டு அடுத்த கூம்பைப் பார்க்க மறந்த கண்ணுமே கூட்டின. பழகிய ஒருவரை அதே காரில், அதே டயர்களோடு உட்காரவைத்தால் முதல் சுற்றிலேயே பல விநாடிகளைக் குறைத்துக் காட்டிவிடுவார். இந்த விளையாட்டில் நெடுநாள் ஊறியவர்கள் புதியவர்களுக்கு முதல் ஆண்டில் காரில் எதையும் மாற்றாதே, இருப்பதை ஓட்டிப் பழகு என்று சொல்வது இதனால்தான். கேட்பவர்கள்தாம் குறைவு. கடைக்குப் போய்ப் பணம் கொடுத்து வாங்குவது, தன் கால் செய்யும் தப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட எளிது அல்லவா?

எல்லாப் பழியையும் ஓட்டுபவர்மேலேயே போடவும் எங்களுக்கு மனம் வரவில்லை. காலுக்கும் டயருக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது காற்று. காசு கொடுக்காமல் கிடைப்பதாலேயே யாரும் மதிக்காத பொருள்.

காற்று குறைந்தால் வளைவில் டயர் பக்கவாட்டில் மடிந்து, ஓடவேண்டிய பரப்பை விட்டு அதன் தோள்மேல் நின்று தேயும். மிகுந்தால் உப்பிப்போய் நடுப்பகுதியால் மட்டுமே தரையைத் தொடும். சரியான அளவு எது? இதைக் கண்டுபிடிக்க அவர்கள் பயன்படுத்தும் கருவியைக் கேட்டால் சிரிப்பீர்கள்: சாக்கட்டி! அது கிடைக்காவிட்டால் நாம் உடற்பயிற்சி நாளுக்கு முந்தின இரவில் கேன்வாஸ் ஷூவுக்குப் பூசுகிறோமே, அந்த வெள்ளைப் பாலிஷ். டயரின் ஓடுபரப்பு முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் விளிம்பில் குறுக்கே ஒரு கோடு போடுவார்கள். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பல டயர்களில் விளிம்பருகே ஒரு சின்ன முக்கோணம் பொறித்திருக்கும். அழிவு அதையும் தாண்டிப் பக்கச்சுவருக்கு இறங்கியிருந்தால் காற்று போதாது. அதை எட்டவே இல்லையென்றால் காற்று அதிகம். இரண்டு பவுண்டு ஏற்று, இரண்டு பவுண்டு இறக்கு, மறுபடி ஓட்டிப் பார். முன்பக்கம் அகன்று போகிறதா, பின்பக்கம் முந்துகிறதா என்பதற்கேற்ப முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறு அளவு வைத்து ஓரளவு சரிக்கட்டவும் முடியும். ஷாக் அப்சார்பரையும் வீல் அலைன்மென்டையும் தொடுவதற்கு முன், பத்து ரூபாய்க்கும் குறைந்த சாக்கட்டியால் தீரக்கூடிய தொல்லைகள் இவை.

இதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. காலையில் 20 டிகிரி குளிரில் 30 பவுண்டு நிரப்பிய டயர், நான்கு முறை ஓடி, வெயிலும் ஏறி, உள்ளே 48 டிகிரி ஆகும்போது அழுத்தம் 34 பவுண்டுக்கு மேல் போய்விடுகிறது. அடைபட்ட வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு கூடும் என்று பாடத்தில் படித்ததேதான். காலையில் நன்றாகப் பிடித்த டயர் மதியத்தில் எண்ணெய் தடவியது போல வழுக்குகிறது என்று புலம்புகிறவர் பலர், அழுத்தத்தை அதற்குப் பிறகு அளந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஒரே காரை இருவர் ஓட்டும்போது டயர் ஆறுவதற்கு நேரமே இருக்காது. அப்போது பூச்செடிக்கு மருந்தடிக்கும் தெளிப்பானில் தண்ணீர் நிரப்பி, ஓட்டத்துக்கு ஓட்டம் டயரைக் குளிப்பாட்டுவார்கள். பார்ப்பதற்கு உழவு முடிந்து வந்த மாட்டைக் கழுவுவது போலவே இருக்குமாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஓர் உண்மையை மறைக்க முடியாது. சமமான திறமையுள்ள இருவர் போட்டியிட்டால் நல்ல டயர் உள்ளவரே வெல்வார். காரில் வேறு எதை மாற்றினாலும் டயரை மாற்றுவதைப் போல் நேரம் குறையாது. எனவேதான் இந்த விளையாட்டில் டயருக்கு ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றியே எங்களுக்கு மனக்குறை.

அமெரிக்காவில் விற்கும் கார் டயர்களின் பக்கச்சுவரில் தேய்மான எண் ஒன்று பொறித்திருக்கும். 1970-களின் இறுதியில் அரசு கொண்டுவந்த ஏற்பாடு இது. டெக்ஸாஸ் மாநிலத்தில் சான் ஏஞ்சலோ நகரைச் சுற்றியுள்ள சாலைகளில் சுமார் 11,500 கிலோமீட்டர் ஓட்டித் தேய்மானத்தை அளக்கிறார்கள். ஒப்பீட்டுக்கென்று வைத்துள்ள டயருக்கு 100 என்றால், அதைப்போல் இரு மடங்கு நாள் உழைப்பதற்கு 200. மெதுவான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், விரைவில் தேயும். கெட்டி ரப்பர் நாள்பட உழைக்கும், அவ்வளவாகப் பிடிக்காது. ஆகவே சாதாரணச் சாலைக் கார்களுக்கான பிரிவில் 200-க்குக் குறைந்த எண்ணுள்ள டயர் கூடாது என்று சங்கம் விதித்தது. நல்ல நோக்கம். வெற்றி பணப்பைக்குப் போகாமல் திறமைக்குப் போக வேண்டும் என்ற எண்ணம்.

ஆனால் அந்த எண்ணைப் பொறிப்பவர் யார்? அரசு அன்று, டயரைச் செய்யும் நிறுவனமே தன் சோதனையை வைத்துத் தானே மதிப்பிட்டுப் பொறித்துக்கொள்கிறது. தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ளும் மாணவியின் மதிப்பெண்ணை நம் ஆசிரியைகள் ஏற்பார்களா? விளைவு என்னவென்றால், 200 என்று பொறித்துக்கொண்டே பந்தய டயருக்கு இணையாகப் பிடிக்கும் டயர்கள் சந்தைக்கு வந்துவிட்டன. ஆண்டுதோறும் ஒன்றை ஒன்று மிஞ்சும் புது வகை வருகிறது. போன ஆண்டு வாங்கியது இந்த ஆண்டு பழசு. தேசியப் போட்டியில் முன்னணிக்கு வர நினைப்பவர், இன்னும் நன்றாகவே ஓடக்கூடிய டயர்களைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிது பூட்டுகிறார். விலை கொடுக்க முடிந்தவர் சரி. கல்லூரி மாணவிக்கும், மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகை கட்டும் செவிலிக்கும் அது கட்டுப்படியாகுமா? ஓய்வு நாளில் கையிலிருக்கும் காரைக் கொண்டு விளையாடலாம் என்று தொடங்கிய விளையாட்டு அது. நுழைவதற்கு நாலு டயர் தனியே வேண்டும், அவற்றை வைக்க ஒரு கொட்டகை வேண்டும், ஏற்றிவர ஒரு இழுவண்டி வேண்டும் என்றாகிவிட்டால் கூம்பை நிமிர்த்தி வைக்கக்கூட ஆள் குறைந்துவிடும் என்றே நாங்கள் அஞ்சுகிறோம்.

"எண் 200 போதாதென்றால் 300 என்று உயர்த்திவிட்டால் போகிறது" என்பார் உண்டு. அதனால் பயன் இருக்குமென்று எங்களுக்குத் தோன்றவில்லை. திருத்துகிற கை அதே கையானால் 300 என்று பொறித்த மெதுவான டயரும் மறுவருடமே வந்து நிற்கும். எங்களுக்குப் பட்ட வழி வேறு. போட்டிக்கு எந்த டயரோடு வீட்டிலிருந்து ஓட்டிவந்தாரோ, அதே டயரோடு ஓடி, அதே டயரோடு வீடு திரும்ப வேண்டும் என்று ஒரு வகுப்பாவது ஒவ்வொரு ஊரிலும் இருக்கட்டும். காலையில் வாசலில் நின்று சாக்கட்டியால் ஒரு குறி போட்டால் ஆயிற்று. சாலைக்கு வந்து போக வேண்டும் என்ற நிர்ப்பந்தமே, எந்த எண்ணையும்விட டயரைச் சாலை டயராக வைத்திருக்கும்.

இதில் விளையாட்டின் நியாயம் மட்டும் அடங்கியிருந்தால் இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டோம். அந்த மெதுவான டயர்கள் வெயிலில் ஒட்டும். உறைபனிக் குளிரில் கல்லாகிவிடும். தோள் தேய்ந்து, வரிப்பள்ளம் ஆழம் குறைந்த நிலையில் மாலையில் மழை பிடித்துக்கொண்டால் தண்ணீரை வெளியே தள்ளப் பள்ளம் இல்லாமல் கார் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்கும். மிதக்கும் காருக்கு ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. கூம்புகளிடையே சறுக்கினால் 2 விநாடி அபராதம். நெடுஞ்சாலையில் சறுக்கினால் எதிரே வருவது கூம்பாக இராது.

டயரும் காற்றும் உயிர்ப் பிரச்சினை என்பதை அந்த நாடே இருமுறை கற்றுக்கொண்டது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1960-ஆம் ஆண்டு மாதிரியாக 'கார்வேர்' என்ற காரை வெளியிட்டது. எஞ்சின் பின்னால். அதனால் முன் டயருக்கு 15 பவுண்டு, பின் டயருக்கு 26 பவுண்டு காற்று என்பது நிறுவனத்தின் குறிப்பு. பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையனுக்கு இது தெரியுமா? நான்கிலும் ஒரே அளவு ஏற்றிவிட்டால் வளைவில் பின்பக்கம் முந்தும் குணம் தலைதூக்கும். ஒரு காரின் பத்திரம் முழுவதையும் காற்றடிக்கும் பையனின் நினைவாற்றலில் தொங்கவிடலாமா என்று கேட்டார் ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர். 1965-இல் வெளிவந்த அவருடைய நூலின் முதல் அத்தியாயமே அந்தக் காரைப் பற்றியது. 1972-இல் வந்த அரசு அறிக்கை அந்தக் கார் அக்காலத்து மற்றக் கார்களைவிட மோசமானதன்று என்று கூறியது என்பதையும் நியாயம் கருதிச் சொல்ல வேண்டும். ஆனாலும் 1966-இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்ததில் அந்நூலுக்குப் பெரும் பங்கு உண்டு.

அடுத்தது 2000-ஆம் ஆண்டு. ஃபோர்டு எக்ஸ்புளோரர் என்ற உயரமான வண்டியில் பூட்டிய ஃபயர்ஸ்டோன் டயர்கள் வேகமாகச் செல்லும்போது மேல்தோல் உரிந்து, வண்டி கவிழ்ந்து பலர் மாண்டனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. கார் நிறுவனம் டயர் சரியில்லை என்றது. டயர் நிறுவனம் வண்டி சரியில்லை, அதற்குச் சொன்ன 26 பவுண்டு காற்றும் குறைவு என்றது. கூடம் கோணலா, கால் கோணலா என்ற பழைய வழக்கேதான்! பல்லாண்டு உறவை 2001-இல் இரண்டும் முறித்துக்கொண்டன. காற்றுக் குறைந்த டயர் ஓட ஓட அதிகமாக மடிந்து நிமிர்கிறது. அந்த மடிப்பே சூடாகிறது. சூடு ரப்பரையும் உள்ளிருக்கும் எஃகுப் பட்டையையும் பிரிக்கிறது. வெயில், வேகம், பாரம், குறைந்த காற்று ஆகிய நான்கும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதை வெப்பம் மிகுந்த தென் மாநிலங்கள் காட்டின. இதன் பிறகு வந்த சட்டத்தின் பயனாக 2007 செப்டம்பர் முதல் அங்கே புதிய கார்கள் அனைத்திலும், காற்று இறங்கினால் ஓட்டுபவருக்கு விளக்கெரிந்து எச்சரிக்கும் கருவி கட்டாயமாயிற்று.

வெயில், வேகம், பாரம், குறைந்த காற்று. சித்திரை மாதத்தில் ஏழு பேரும் மூட்டை முடிச்சுமாகத் திருச்சிச் சாலையில் கல்யாணத்துக்குப் போகும் வாடகைக் காரை நினைத்துப் பாருங்கள்.

"இதெல்லாம் அண்ணனும் அப்பாவும் பார்த்துக்கொள்வார்கள்" என்பது நம் வீடுகளில் வழக்கமான பதில். பார்க்கிறார்களா? பெட்ரோல் பங்கில் "காத்துப் பார்க்கணுமா சார்?" என்று கேட்டால், "போன வாரம்தானே அடித்தோம்" என்று சொல்லிப் புறப்படுவதைத்தான் நாங்கள் கண்டிருக்கிறோம். அந்த அமெரிக்க விளையாட்டுக்காரர்கள் ஒரு நிமிடத்து ஓட்டத்துக்காக அரைப் பவுண்டு கணக்காகக் காற்றை அளக்கிறார்கள். நாம் முந்நூறு கிலோமீட்டர் பயணத்துக்குக் கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்ப்பதோடு சரி. கட்டைவிரலுக்கு 22 பவுண்டும் 32 பவுண்டும் ஒன்றுதான்.

இவ்வாண்டு விடுமுறையில் வீட்டில் கார் வைத்திருக்கும் தோழியர் சில காரியங்கள் செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் கதவிலோ அதை ஒட்டிய தூணிலோ ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆள் நிறைந்தால் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். டயரின் மேலேயே பொறித்திருக்கும் எண் அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து நிரப்பக் கூடாது. அளப்பது காலையில், கார் ஓடுவதற்கு முன். ஓடிச் சூடான டயர் பொய் சொல்லும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் நம் நாட்டுச் சட்டப்படியும் அந்த டயர் சாலைக்கு ஆகாது; பள்ளத்தினுள் குறுக்கே இருக்கும் சிறு திட்டுகள் மேல்பரப்போடு சமமாகிவிட்டனவா என்று பார்த்தாலே தெரியும். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் ஒன்று தேடினால் கிடைக்கும். 3523 என்றால் 2023-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது. ரப்பரும் வயதாகிக் கெட்டிப்படும் பொருள்தான். தேயாத டயரெல்லாம் நல்ல டயர் என்று எண்ண வேண்டாம்.

டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியையும் விட்டுவிடாதீர்கள். 1904-இல் வேல்ஸ் நாட்டு லனெலி நகரின் ஸ்டெப்னி தெருவில் மாற்றுச் சக்கரம் செய்த சகோதரர்களால் வந்த பெயர் அது. அந்த ஊர்க்காரர்கள் மறந்த பெயரை நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பெயரைக் காப்பாற்றிய அளவுக்கு அதன் காற்றைக் காப்பாற்றியிருக்கிறோமா என்பதை டிக்கியைத் திறந்து, மேலே அடுக்கியிருக்கும் பழைய செய்தித்தாள்களையும் தண்ணீர்க் கேனையும் நகர்த்தி, அளந்து பார்த்துவிட்டுப் பள்ளி திறந்ததும் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.